இன்னொரு குட்டி கொடுப்பதற்கு முன்னால்: நாட்டு நாய் வளர்ப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிகளுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் பக்கத்து நாய்களை விடாமல் வளர்த்து, குட்டி எடுத்து, வெளியூர்களுக்கும் கொடுத்துவருகிற உங்களுக்குத்தான் இந்தக் கடிதம். ஒரே ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது. உங்களிடம் குட்டி வாங்கிப்போன ஒருவர், அது செத்துப்போச்சு என்றோ காணாமல் போச்சு என்றோ சொல்லி இன்னொன்று கேட்கிறார். கொடுக்கலாமா?

நான் பார்த்தவரை இதற்கு இரண்டு பதில்தான் நடப்பில் இருக்கிறது. இளகிய மனசுக்காரர்கள், 'ஐயோ பாவம், அழுதுட்டே பேசுறாங்க' என்று அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றிவிடுகிறார்கள். பாதி விலை, சில நேரம் காசே வாங்குவதில்லை. இன்னொரு பக்கம் கறாரானவர்கள். 'ஒன்னைச் சாகக் குடுத்தவனுக்கு இன்னொன்னு எதுக்கு?' என்று போனை வைத்துவிடுகிறார்கள். இரண்டு பேருக்குமே குட்டிகள் மேல் பாசம் உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு பேருமே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதில்லை. முதல் குட்டி எப்படிப் போனது? எந்த வயதில், என்ன ஆகி, யார் பார்த்து? அது தெரியாமல் கொடுப்பதும் தப்பு, மறுப்பதும் தப்பு என்பதுதான் என் கட்சி.

நான் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோவில்பட்டி வட்டாரம். நாய்கள் மருந்தகத்துக்கு வந்து சேரும் நிலைமையை நெருங்கி நின்று பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதலில் பார்வோ என்கிற வைரஸ் நோய். குட்டிகளை வாரிக்கொண்டு போவது இதுதான். ஒருமுறை ஒருவர் அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே சிப்பிப்பாறைக் குட்டி. கண் உள்வாங்கி, தோலை இழுத்து விட்டால் அப்படியே கூடாரம் மாதிரி நிற்கிறது, பின்னங்கால் எல்லாம் ரத்தக் கழிச்சல். அந்த வாடையை ஒருதரம் முகர்ந்தவர்களுக்கு நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. விசாரித்தால், போன மாதம் இதே பெட்டியில் இன்னொரு குட்டி வந்து இதே மாதிரி செத்திருக்கிறது. கொடுத்த வளர்ப்பாளர் தங்கமான மனிதர், சேதி கேட்டதுமே மாற்றுக் குட்டி அனுப்பிவிட்டார். இவரும் ஆசையாக வாங்கி, முதல் குட்டி படுத்த அதே சாக்கை உதறிப் போட்டு, அதே கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறார். வீட்டைச் சுத்தம் செய்தீர்களா என்று கேட்டோம். 'பினாயில் ஊத்திக் கழுவியாச்சு சார்' என்றார்.

பார்வோ வைரஸ் பினாயிலுக்குச் சாகிற ஜாதி இல்லை. செத்த குட்டியின் கழிச்சலில் கோடிக்கணக்கில் வெளியே வந்து, மண்ணிலும் சாக்கிலும் செருப்பிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நிழலும் ஈரமும் இருந்தால் இன்னும் நாள் தாங்கும். சிமென்ட் தரையென்றால் முதலில் அழுக்கு போகக் கழுவிவிட்டு, பிளீச்சிங் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடமாவது ஊறவிட்டால் போகும். மண் முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் அது பலிக்காது. சாக்கு, துணி, பெட்டி எல்லாவற்றையும் எரிப்பதுதான் சரி.

இதோடு தடுப்பூசிக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி. அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை. 'ஒரு ஊசி போட்டுத்தான் அனுப்புறோம்' என்று சொல்கிறோம். ஆனால் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி மருந்தை அது வேலை செய்ய விடாது. அது எந்த வாரம் வடியும் என்று குட்டிக்குக் குட்டி வித்தியாசம் இருப்பதால்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு இடைவெளி வரும். தாய் கொடுத்ததும் தீர்ந்திருக்கும், ஊசி கொடுத்ததும் இன்னும் சேர்ந்திருக்காது. அந்த வயதுக் குட்டியைத்தான் நாம் பார்வோ வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் பார்வோவில் குட்டியை இழந்த வீடு என்று தெரிந்தால், தயவுசெய்து உடனே இன்னொரு சின்னக் குட்டியைக் கொடுக்காதீர்கள். ஆறு மாதமாவது போகட்டும், மண் முற்றம் உள்ள வீடு என்றால் ஒரு வருஷம்கூடக் காத்திருக்கலாம். அதுவரை முடியாது என்று தவித்தால் வழி இருக்கிறது. எல்லா ஊசியும் போட்டு முடித்து, கடைசி ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் கடந்த ஐந்தாறு மாத நாய் உங்களிடம் இருந்தால் அதைக் கொடுங்கள். 'குட்டியா வேணும், அப்பத்தான் நம்மகிட்ட ஒட்டும்' என்பார்கள். ஆறு மாத நாயும் ஒட்டும். கன்னியும் சிப்பிப்பாறையும் ஆள் பழக ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இதில் உங்கள் பக்கம் பார்க்க வேண்டியதும் இருக்கிறது. குட்டி உங்கள் இடத்தை விட்டுப் போய் மூன்று நாளிலோ ஒரு வாரத்திலோ பார்வோ வந்தது என்றால், அது அநேகமாக உங்கள் கொட்டிலிலோ வழியிலோ தொற்றியது. வாங்கியவரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் அதே ஈத்தில் மற்ற குட்டிகள் போன வீடுகளுக்கெல்லாம் ஒரு போன் போடுங்கள். நாற்பது நாளில் குட்டியைக் கைமாற்றும் பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017 மத்திய விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று சொல்கின்றன. சட்டத்துக்குப் பயந்து இல்லையென்றாலும், அந்தப் பதினாறு நாள் குட்டி தாயோடும் கூடப்பிறந்ததோடும் இருப்பது அதன் உடம்புக்கும் நல்லது, குணத்துக்கும் நல்லது.

அடுத்தது எனக்கு அதிகம் மனசு வலிக்கிற விஷயம். ராஜபாளையம். 'கூப்பிட்டாத் திரும்பவே மாட்டேங்குது, திமிர் புடிச்ச நாய்' என்று சொல்லிக்கொண்டே வளர்த்திருப்பார்கள். ஒருநாள் பின்னால் வந்த வேனில் அடிபட்டுச் செத்துவிடும். உங்களிடம் வந்து, 'ரோட்டுக்கு ஓடிருச்சுங்க' என்பார்கள். அது ஓடியதா, இல்லை வண்டிச் சத்தமே அதற்குக் கேட்கவில்லையா?

வெள்ளை நிற ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பால் வெள்ளையும் ரோஸ் நிற மூக்கும்தான் அழகு என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததன் விலை அது. தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் உள்காதுக்கும் தேவை. அங்கே அவை இல்லையென்றால், பிறந்த சில வாரத்திலேயே ஒலியை உணரும் அணுக்கள் செத்துவிடும். ஆக, எட்டு வாரக் குட்டியைக் கொடுக்கும்போது அதற்குக் காது கேட்கிறதா என்பது கண்டுபிடிக்கக்கூடிய விஷயம்தான். குட்டியைத் தனியாக எடுத்துவாருங்கள், ஏனென்றால் கூட்டத்தில் மற்றதைப் பார்த்து அதுவும் திரும்பிவிடும். அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் தள்ளி நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். தட்டைக் கீழே போடாதீர்கள், தரை அதிர்வு தெரிந்துவிடும். இதில் இரண்டு காதும் கேட்காத குட்டி மாட்டும். ஒரு காது மட்டும் கேட்காததை, காதுக்குள் ஒலி கொடுத்து மூளைக்குப் போகும் மின்னலைகளைப் பதிவு செய்யும் கருவியால்தான் கண்டுபிடிக்க முடியும்.

அதனால் ராஜபாளையம் வண்டியில் அடிபட்டது என்று யாராவது வந்தால், 'பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்புமா? தூங்கும்போது பக்கத்துல போனா முழிக்குமா?' என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், அந்தக் குடும்பம் அஜாக்கிரதையாக இருந்ததாக நினைத்துக் குமைந்துகொண்டிருக்கும். உண்மையைச் சொல்லி அந்தப் பாரத்தை இறக்கிவைக்க வேண்டியது உங்கள் கடமை. அவர்களுக்கு இன்னொரு குட்டி கொடுப்பதில் தப்பே இல்லை, ஆனால் அதே ஜோடியின் குட்டியைக் கொடுக்காதீர்கள். அந்த ஜோடியை மறுபடி சேர்க்கவும் செய்யாதீர்கள். 2005இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு நாய் இனங்களில் ராஜபாளையமும் ஒன்று. அவ்வளவு பேர் பெற்ற இனத்துக்கு நாம் செய்ய வேண்டியது, கேட்காத காதை அடுத்த தலைமுறைக்கு அனுப்பாமல் இருப்பது.

காணாமல் போன நாயைப் பற்றி. இதைச் செத்த நாயோடு சேர்த்துப் பேசக் கூடாது என்று நினைக்கிறேன். தீபாவளி முடிந்த வாரம் உங்களுக்கு வரும் போன்களை நினைத்துப் பாருங்கள். சரவெடிச் சத்தத்தில் மிரண்டு, கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு, கண்மண் தெரியாமல் ஓடிய நாய்கள். அந்த ஓட்டத்தில் போகிற வழியை நாய் மனதில் வைத்துக்கொள்வதில்லை. ஓய்ந்த பிறகு எங்காவது பாலத்தடியிலோ முள்காட்டிலோ ஒடுங்கிக் கிடக்கும். அதிலும் சிப்பிப்பாறையும் கன்னியும் கால் போட்டால் எத்தனை தூரம் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அந்த நேரத்தில் 'விடுங்க, அடுத்த ஈத்துல ஒன்னு தர்றேன்' என்று ஆறுதல் சொன்னால், அவர்கள் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். உங்கள் ஆறுதலுக்கு அந்த நாய் விலை கொடுக்கும்.

அப்போது தேவைப்படுவது குட்டி இல்லை, நீங்கள்தான். உங்கள் வாட்ஸாப் குழுக்களில் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். படத்தைப் போடுங்கள். தண்ணீர் வைத்திருக்கும் டீக்கடை, கறிக்கடை, குப்பை மேடு என்று எங்கே தேட வேண்டும், எந்த நேரம் தேட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். விடிகாலை ஆள் நடமாட்டம் இல்லாதபோதுதான் மிரண்ட நாய் வெளியே வரும். துரத்தாதே, உட்கார்ந்து சோற்றைக் காட்டு என்பதைக்கூடப் பலருக்கு யாரும் சொன்னதில்லை. ஓரிரு மாதம் கழிந்து, தேட வேண்டிய இடமெல்லாம் தேடியாகிவிட்டது என்றால் அப்போது பேசிக்கொள்ளலாம். அப்படிக் கொடுக்கும் குட்டிக்கு மைக்ரோசிப் போட்டுக் கொடுங்கள். அரிசிமணி அளவுதான், தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவது. நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது, கிடைத்த நாய் யாருடையது என்றுதான் காட்டும். வெள்ளை நாய்க்கு வெள்ளை நாய் வித்தியாசம் தெரியாத வெளியூரில் அதுவே பெரிய விஷயம். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் சிப்பும் வேண்டும் என்று ஆகிவிட்டது, அங்கே போகிற குட்டிக்கு எப்படியும் தேவைப்படும்.

கேட் பூட்டாத வீடு, சுற்றுச்சுவர் இடுப்பளவு உள்ள வீடு, பகலெல்லாம் சங்கிலியில் கிடக்கிற நாய் என்றால் கதை வேறு. அங்கே முதலில் சுவர் உயரட்டும். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நம் கரிசல் காட்டுச் சாவுகள் தனி. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, எலிக்கு வைத்த குருணை மருந்து, மக்காச்சோளத்துக்குப் பன்றி வராமல் இருக்கத் திருட்டுத்தனமாக இழுத்த மின்வேலி, கண்ணாடி விரியன். இதில் பாதி, வளர்த்தவர் கையை மீறியது. பக்கத்துக் காட்டுக்காரர் வைத்த விஷத்துக்கு இவர் என்ன செய்வார்? அப்படிப்பட்டவரை நிற்கவைத்துக் குடைய வேண்டாம். ஆனால் அந்த மின்வேலி இன்னும் இருக்கிறதா, கிணற்றுக்கு வேலி போட்டாகிவிட்டதா என்ற கேள்வி மட்டும் கட்டாயம் கேட்கணும். நிலைமை மாறவில்லை என்றால் இரண்டாவது குட்டியும் அங்கேதான் போகும். முயல் வேட்டைக்கு, பன்றி வேட்டைக்குக் கொண்டுபோய்க் குத்துப்பட்டுச் செத்தது என்றால் யோசிக்கவே வேண்டாம், மறுத்துவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வேட்டையே குற்றம், நாயைச் சாகவிட்ட பாவம் வேறு.

'இன்னொரு நாய் சாப்பிட மாட்டேங்குது, துணை வேணும்' என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், கூட வளர்ந்தது போனால் நாய் வாடும். 2022இல் இத்தாலியில் நாய் வளர்ப்போர் 426 பேரிடம் கேட்டு வெளியான ஆய்வில் பெரும்பாலானவர்கள் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது உண்ணிக் காய்ச்சலை. செத்ததும் இதுவும் ஒரே கொட்டிலில் கிடந்தவை. முதல் நாய் மூக்கில் ரத்தம் வந்து செத்திருந்தால் இரண்டாவதின் ரத்தத்தைச் சோதிக்காமல் 'துக்கம்' என்று முடிவு கட்டக் கூடாது. ரத்தம் சுத்தம் என்று தெரிந்தபிறகு துணையைப் பற்றி யோசிக்கலாம்.

வயதாகிச் செத்த நாயின் வீடுகள்தான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல வீடுகள். பன்னிரண்டு வருஷம் வைத்துக் காப்பாற்றி மண்ணில் போட்டவர்களுக்கு நீங்கள் எந்தப் பரீட்சையும் வைக்க வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று பாருங்கள். அந்த நாயை வாங்கியபோது அவருக்கு ஐம்பத்தைந்து என்றால் இப்போது அறுபத்தேழு. பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள். மூன்று மாதச் சிப்பிப்பாறைக் குட்டி இழுக்கிற இழுப்புக்கு அந்த முழங்கால் தாங்காது. ஆறாவது மாதம் 'எங்களால முடியல, திரும்ப எடுத்துக்கோங்க' என்று வரும். வந்தால் நல்லது. வராமல் தெருவில் விட்டால்?

இதற்கு விடை உங்கள் கொட்டிலிலேயே படுத்திருக்கிறது. ஒரு பெட்டை வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் போடக் கூடாது என்பது அதே 2017 விதி. அப்படி ஓய்ந்த பெட்டைகளை என்ன செய்கிறீர்கள்? நல்ல மனசுள்ளவர்கள் கடைசிவரை சோறு போடுகிறார்கள், ஆனால் குட்டிகளும் இளசுகளும் இருக்கிற இடத்தில் அதற்குக் கவனிப்பு குறைந்துதான் போகிறது. கருப்பையை எடுத்து, ஊசிகள் போட்டு, ஆறேழு வயது நாயை அந்தப் பெரியவர்கள் வீட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். வாசலில் படுத்துக்கொள்ளும், காலையும் மாலையும் ஒரு நடை, ராத்திரி ஒரு குரைப்பு. அந்த வீட்டு அம்மாவுக்கு நாய்க்குச் சோறு பிசைகிற வேலை திரும்பக் கிடைக்கும், நாய்க்கு முதன்முறையாக ஒரு வீடு அதற்கென்று கிடைக்கும். ஏழு வயது நாயைப் போய் எப்படித் தருவது என்று கூச்சப்படுகிறோம். கேட்டுப் பாருங்கள், சம்மதிப்பவர்கள் இருக்கிறார்கள்.

குழந்தை அழுகிறது, அதே நிறத்தில் அதே மாதிரி வேண்டும் என்று கேட்பவர்களிடம் கொஞ்சம் நிதானிக்கச் சொல்லுங்கள். அச்சு அசலாக அதே மாதிரி வந்த குட்டியை எல்லோரும் பழையதோடு அளந்துகொண்டே இருப்பார்கள். 'அது இப்படிக் கடிக்காது, அது சொன்னதக் கேக்கும்.' பாவம், இந்தக் குட்டி என்ன செய்யும்? முடிந்தால் வேறு நிறத்தில், வேறு ஈத்தில் கொடுங்கள். பிள்ளை தானாகவே புதுப் பெயர் வைக்கும்.

'செத்தால் மாற்றிக் கொடுப்போம்' என்ற உத்தரவாதத்தைப் பலரும் விளம்பரத்தில் போடுகிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் நம் நான்கு இனங்களின் பெயரையும் சொன்ன பிறகு, ஆசைக்கு வாங்குகிற கூட்டம் பெருகிவிட்டது. அவர்களுக்கு மாற்றிக் கொடுக்கும் உத்தரவாதம் தைரியத்தைக் கொடுக்கிறது, பொறுப்பைக் கொடுப்பதில்லை. மருத்துவச் செலவு ஐயாயிரம் ஆகும் என்று டாக்டர் சொன்னதும், 'செத்தா வேற தருவாங்க சார்' என்று ஒருவர் குட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதை மருந்தகத்தில் என் காதால் கேட்டிருக்கிறேன். அதற்குப் பதிலாக, நோய் உங்கள் இடத்திலிருந்து வந்தது என்றால் வைத்தியச் செலவில் பங்கு தருவதாகச் சொல்லுங்கள். வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுங்கள். குட்டியைக் காப்பாற்றுவது அந்த இரண்டும்தான்.

விலைக்கு விற்க மாட்டேன், நல்லபடியாக வளர்ப்பேன் என்று வாக்குக் கொடுத்தால்தான் கன்னிக் குட்டியைத் தருவேன் என்ற பெரியவர்கள் நம் பக்கம் இருந்தார்கள். இன்று எல்லோராலும் அப்படிக் கொடுக்க முடியாது, தீவனம் விற்கிற விலையில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. காசு வாங்குங்கள். கூடவே அந்த விசாரிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்விகளை எப்படிக் கேட்பது என்று ஒரு வார்த்தை. போலீஸ் விசாரணை மாதிரி வேண்டாம். எதிர்முனையில் இருப்பவர் நேற்றுத்தான் குழி தோண்டியிருப்பார். முதல் போனில் 'என்னம்மா ஆச்சு, எத்தனை நாளா முடியாம இருந்துச்சு?' என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். குட்டியைப் பற்றிய பேச்சு இரண்டாவது போனில் இருக்கட்டும். பேசுகிறவருக்கு நாள், வயது, ஊசி எல்லாம் தானாக வாயில் வரும், வளர்த்தவருக்கு அது மறக்காது. எதுவுமே தெரியாமல், 'வேலைக்காரரக் கேட்டுச் சொல்றேன்' என்கிறவருக்கு மறுத்துவிட்டால் எனக்கு வருத்தம் இல்லை.

கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த ஜோடியின் குட்டி, எங்கே போனது, எப்போது, எதனால் செத்தது. பதிவு பெற்ற வளர்ப்பாளர் பதிவேடு வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, பலர் குட்டி விற்றதோடு அதை மூடிவிடுகிறோம். சாவையும் அதில் சேருங்கள். நாலைந்து வருஷத்தில் அந்த நோட்டைப் புரட்டினால், உங்கள் எந்த நாயின் வழியில் செவிடு வருகிறது, எந்த மாதம் பார்வோ ஏறுகிறது, எந்த ஊர்க்காரர்கள் நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். உங்கள் சங்கங்களிலும் குழுக்களிலும் இதைப் பேசி, அடுத்த ஈத்துக் குட்டிகள் கைமாறுவதற்குள் ஒரு முடிவுக்கு வாருங்கள். ஊசி அட்டவணையோ பிளீச்சிங் அளவோ எழுதித் தர வேண்டும் என்றால், எந்த ஊர்க்காரர் கேட்டாலும் நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
கோவில்பட்டி வட்டாரத்திலிருந்து,
ஓய்வு பெற்ற கால்நடை மருந்தக ஊழியன்